காசில் இருக்கும் முகம் யாருக்காக? – ரோமாபுரி முதல் பினாங்கு வரை

ஜோர்ஜ்டவுன் லோரோங் கூலிட் சந்தைக்குக் காலை நேரத்தில் போயிருக்கிறீர்களா? தரையில் கித்தான் விரித்து, ஓடாத கைக்கடிகாரம், பழைய ரேடியோ, யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கிய படம் என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பார்கள். சென்ற பல்கலைக்கழக விடுமுறையில் அங்கே ஒரு காசுக் கடை முன்னால் நின்றேன். பிளாஸ்டிக் தட்டில் நூற்றுக்கணக்கான சில்லறைகள். பக்கத்தில் ஓர் ஆல்பத்தில் வாழை மரம் அச்சிட்ட பத்து டாலர் நோட்டுகள்.

கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு தமிழிலேயே பேசினார்.

"என்னம்மா தேடுற? இது ராணி காசு. இது ஜப்பான்காரன் நோட்டு. அப்ப இதுல ஒரு மூட்டை அரிசி வாங்கலாம்னு குடுத்தான். அப்புறம் இத வச்சு அடுப்பு எரிச்சாங்க."

ஐந்து வெள்ளி கொடுத்து ஒரு வாழைமர நோட்டு வாங்கினேன். பேருந்தில் வரும்போது அதையும் என் பணப்பையில் இருந்த ஒரு வெள்ளி நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மரம். மற்றொன்றில் மாமன்னர் முகம். எதை அச்சிட வேண்டும் என்று முடிவு செய்தது யார்? அந்தப் படத்தைப் பார்த்து நாம் எதை நம்ப வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள்? நம் மக்கள் அதை நம்பினார்களா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் போனால் இரண்டாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

கத்தி பொறித்த காசு

பழைய ரோமாபுரியில் செய்தித்தாள் இல்லை, வானொலி இல்லை. அந்தப் பேரரசு ஐரோப்பாவில் தொடங்கி எகிப்து வரை பரவியிருந்தது. "இப்போது நான்தான் ஆட்சியாளன்" என்று அத்தனை பேருக்கும் எப்படிச் சொல்வது? சிலை வைக்கலாம், சிலை நகரவே நகராது. காசு நகரும். படைவீரனின் சம்பளமாகப் புறப்பட்டு, கள்ளுக்கடைக்கும் சந்தைக்கும் போய், கிராமத்து உழவனின் இடுப்புத் துணியில் முடிச்சாகும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் அதில் இருக்கும் படத்தைப் பார்ப்பான்.

ரோமில் வெகுகாலம் காசுகளில் தெய்வங்களும் முன்னோர்களும்தான் இடம்பெற்றார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரின் முகத்தைப் போடுவது அரசர்கள் செய்யும் வேலை. அரசரே வேண்டாம் என்று குடியரசு அமைத்தவர்கள் ரோமானியர்கள். அந்த வழக்கத்தை உடைத்தவர் ஜூலியஸ் சீசர். கி.மு. 44-இல் அவருடைய முகம் காசில் வந்தது. கூடவே 'வாழ்நாள் சர்வாதிகாரி' என்ற பட்டமும் பொறிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் செனட் உறுப்பினர்கள் அவரைக் குத்திக் கொன்றார்கள்.

கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் பிறகு தன் படைக்குச் சம்பளம் கொடுக்கக் காசு அடித்தார். ஒரு பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி, கீழே மார்ச் மாதத்தின் அந்த நாளைக் குறிக்கும் எழுத்து. "நாங்கள் செய்தது கொலை அல்ல, விடுதலை" என்பதுதான் செய்தி. காசைத் திருப்பினால் அங்கே புரூட்டஸின் முகம்! சீசர் தன் முகத்தைக் காசில் போட்டதை அரச மமதை என்று வெறுத்தவர்களில் ஒருவர், இரண்டே ஆண்டுகளில் தானும் அதையே செய்துவிட்டார்.

போட்டியில் கடைசியாக வென்றவர் சீசரின் வளர்ப்பு மகன் அகஸ்டஸ். காசைப் பிரசாரக் கருவியாகப் பயன்படுத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சீசரைத் தெய்வமாக அறிவித்துவிட்டு, தன்னைத் 'தெய்வத்தின் மகன்' என்று காசில் போட்டுக்கொண்டார். எகிப்தைப் பிடித்ததும் ஒரு முதலையின் படத்தைப் பொறித்து, 'எகிப்து கைப்பற்றப்பட்டது' என்று எழுதினார். வாரிசு யார் என்ற கேள்வி எழுந்தபோது தன் பேரன்களான காயஸ், லூசியஸ் இருவரையும் கேடயம், ஈட்டியோடு நிற்க வைத்துக் காசு வெளியிட்டார்.

அந்தப் பேரன்கள் இருவரும் ஆட்சிக்கு வரவே இல்லை. லூசியஸ் கி.பி. 2-இலும் காயஸ் கி.பி. 4-இலும் இறந்துபோனார்கள். ஆனால் அவர்கள் படம் போட்ட வெள்ளிக்காசு மட்டும் கப்பலேறி எங்கே வந்தது தெரியுமா? நம் முன்னோரின் மண்ணுக்கு!

மிளகுக்கு வந்த வெள்ளி

யவனர்களின் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பின என்று அகநானூறு 149-ஆம் பாடல் சொல்கிறது. அதே வணிகத்தை மறுகரையில் இருந்து பார்த்தவர் ரோமானிய எழுத்தாளர் பிளினி. இந்தியா ஆண்டுதோறும் தங்கள் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் புலம்பியிருக்கிறார்.

அந்தப் பணத்தின் மிச்சம்தான் கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் இன்றும் புதையலாகக் கிடைக்கிறது. அதில் அதிகமாகக் கிடைப்பவை அகஸ்டஸ், அவருக்குப் பின் வந்த டைபீரியஸ் ஆகியோரின் வெள்ளிக்காசுகள். அகஸ்டஸின் காசுகளில் அந்த இரண்டு பேரன்கள் நிற்கும் காசு மிகுதி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொங்குநாட்டு வணிகர் ஒருவர் கையில் அந்தக் காசு. அதில் இருக்கும் லத்தீன் எழுத்து அவருக்குத் தெரியாது. அந்தப் பையன்கள் யார், அவர்கள் இறந்துவிட்டார்களா என்பதும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது? அவர் பார்த்தது வெள்ளியின் தரம்.

இதைச் சும்மா சொல்லவில்லை. கி.பி. 64 வாக்கில் நீரோ மன்னன் வெள்ளிக்காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். தமிழகத்துப் புதையல்களில் அதற்கு முந்தைய வெள்ளிக்காசுகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. எந்தக் காசில் சுத்தமான வெள்ளி இருக்கிறது என்று நம்மவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள் என்றே இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். ரோமாபுரியின் பிரசாரம் கடல் கடந்தது. கரை இறங்கியதும் வெறும் உலோகமாகிவிட்டது.

இதைவிட வியப்பான செய்தி புதுக்கோட்டையில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் கடைசியானவை வெஸ்பாசியன் மன்னன் காலத்தவை. அந்தக் காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் உளியால் அடித்த ஆழமான வெட்டு இருக்கிறது. வெட்டு விழுந்த இடம் பேரரசனின் முகம்!

யார் வெட்டினார்கள்? ஏன்? இனி இது காசாகச் செல்லாது, எடைக்கு விற்கும் தங்கம் மட்டுமே என்று அடையாளம் போட்டார்கள் என்பது ஒரு கருத்து. அந்நிய அரசனின் அதிகாரம் இங்கே செல்லாது என்று காட்டவே முகத்தைச் சிதைத்தார்கள் என்பது இன்னொரு கருத்து. எந்தக் கருத்தை ஏற்றாலும் ஒன்று நிச்சயம். ரோமாபுரியின் அரசன் அனுப்பிய முகத்தை இங்கே ஒருவர் அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

நம் மன்னர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த ஒரு வெள்ளிக்காசில் மன்னர் ஒருவரின் தலை இருக்கிறது. மேலே தமிழ் பிராமி எழுத்தில் 'மாக்கோதை' என்ற பெயர். சேர மன்னர் வெளியிட்ட காசு அது. தலையை வடித்திருக்கும் விதம் ரோமானியக் காசுகளைப் பார்த்துச் செய்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். பாண்டியரும் சும்மா இருக்கவில்லை. 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் எழுதிய செப்புக்காசு அவர்களுடையது. "உன் முகம் என் சந்தையில் புழங்குமென்றால், என் முகமும் என் எழுத்தும் ஏன் புழங்கக் கூடாது?" என்று அவர்கள் கேட்டதுபோல் இருக்கிறது.

புலியும் கடாரமும்

ஆயிரம் ஆண்டுகள் கழித்துச் சோழர் காசைப் பாருங்கள். நடுவில் புலி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பாண்டியரின் மீனும் சேரரின் வில்லும் இருக்கும். மூவேந்தரில் வென்றவர் யார் என்பதை ஒரு வரி படிக்காமலே புரிந்துகொள்ளலாம். ராஜேந்திர சோழனின் காசில் 'கங்கைகொண்ட சோழன்' என்ற பட்டமே பொறிக்கப்பட்டது. அவனுடைய படைதான் 1025-இல் கடாரம் வந்தது. கடாரம் நமக்குத் தூரமில்லை. பினாங்குப் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு.

இலங்கையில் ராஜராஜன் வெளியிட்ட காசில் ஒரு பக்கம் நிற்கும் அரசர், மறுபக்கம் அமர்ந்திருக்கும் அரசர். 1070-இல் சோழரைப் பொலன்னறுவையில் இருந்து விரட்டிய விஜயபாகு, தன் காசுக்கு எந்த வடிவத்தை எடுத்தார் தெரியுமா? அதே சோழர் காசின் வடிவத்தை. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். சந்தை பழகிவிட்ட காசை மாற்றுவது அரசருக்கும் எளிதல்ல.

நம் தீவின் முதல் காசு

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1786 ஜூலை மாதம் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கினார். கோர்ன்வாலிஸ் கோட்டை இருக்கும் பகுதியில் அப்போது அடர்ந்த காடு. காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது, பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசு தேடியே காடு வெட்டப்பட்டது என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, இந்த நகரத்தின் பிறப்புக் கதையிலேயே காசு இருக்கிறது.

ஆகஸ்டு 11-ஆம் நாள் தீவை முறைப்படி கைப்பற்றினார் லைட். மறுநாள் பிரிட்டிஷ் பட்டத்து இளவரசரின் பிறந்தநாள். அதனால் தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று பெயர் வைத்தார்கள். 1787-ஆம் ஆண்டைப் பொறித்து இந்தத் தீவுக்கென்றே காசும் அடித்தார்கள்.

அந்தக் காசில் அரசர் முகம் இல்லை. ஒரு பக்கத்தில் இதய வடிவச் சின்னம், அதற்குள் நான்கு எழுத்துகள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் சரக்கு மூட்டைகளில் குத்தும் முத்திரை அது! அதைக் கொண்டு வந்து மக்கள் கையில் புழங்கும் காசில் குத்தியிருக்கிறார்கள். ஆட்சி செய்வது நாடா, கடையா என்ற கேள்விக்கு அந்தக் காசே பதில் சொல்லிவிடுகிறது.

மறுபக்கத்தில் அரபு எழுத்தில் 'ஜசீரா பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்று இருக்கும். எழுத்து உள்ளூர் மக்களுக்குப் பழக்கமானது, பெயர் பழக்கமில்லாதது. மக்கள் அந்தப் பெயரை ஏற்றார்களா? மலாய்க்காரர்கள் 'தஞ்சோங்' என்றும் 'பூலாவ் பினாங்' என்றும் சொன்னார்கள். நாம் பினாங்கு என்கிறோம். இளவரசர் பெயர் காசோடு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.

அன்றைய பினாங்குச் சந்தையில் உண்மையான ராஜா ஸ்பானிய வெள்ளி டாலர். அதிலும் ஓர் அரசர் முகம் உண்டு. சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துத் தங்கள் கடை முத்திரையை அதன்மேல் குத்துவார்கள். சில காசுகளில் அரசர் முகமே தெரியாத அளவுக்குக் குத்து விழுந்திருக்கும். புதுக்கோட்டை வெட்டு நினைவுக்கு வருகிறதா?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லுக்கு விளிம்பு பல் பல்லாக இருப்பது என்று பொருள். ஸ்பானிய டாலரின் விளிம்பைத் தடவிப் பார்த்த மக்கள் வைத்த பெயர் அது. தமிழர்கள் நாம் அதை 'வெள்ளி' என்றோம். அதாவது உலோகத்தின் பெயர். அரசர் முகத்தைப் போட்டு அனுப்பினார். மலாய்க்காரர் விளிம்பைப் பார்த்தார், தமிழர் உலோகத்தைப் பார்த்தார். முகத்தை வைத்து யாரும் பெயர் வைக்கவில்லை!

வாழை மரம் தந்த வாக்குறுதி

1941 டிசம்பர் 11 முதல் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுனில் குண்டு போட்டன. வெள்ளைக்காரர்கள் தங்கள் குடும்பங்களை மட்டும் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக வெளியேறினார்கள். டிசம்பர் 19-இல் ஜப்பானியப் படை தீவில் நுழைந்தது. தீவின் பெயர் 'தோஜோ தோ' ஆனது. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாறியது. ஆண்டு 2602 என்று எழுதச் சொன்னார்கள். பணமும் மாறியது.

புதிய நோட்டில் ஜப்பானியப் பேரரசர் படம் இல்லை. இந்த மண்ணின் மரங்கள் இருந்தன. பத்து டாலரில் குலை தள்ளிய வாழை, ஐந்து டாலரில் தென்னையும் பப்பாளியும். எவ்வளவு செழிப்பான படங்கள்! நோட்டு கேட்பவருக்குப் பணம் தருவதாக ஜப்பானிய அரசாங்கம் வாக்குறுதி தருகிறது என்று அதில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. ஆசியா ஆசியர்களுக்கே என்று முழங்கியவர்கள், விரட்டிய எதிரியின் மொழியில்தான் வாக்குறுதி எழுதினார்கள்.

படத்தில் பழம் தொங்கியது. வீட்டில் அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. நோட்டுகளைக் கணக்கில்லாமல் அச்சிட்டார்கள். பிறகு வந்த நோட்டுகளில் வரிசை எண்கூடக் கிடையாது. கடைசியில் ஆயிரம் டாலர் நோட்டே வந்தது, அதில் மாட்டுவண்டி. மக்கள் இதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: 'டூயிட் பீசாங்', வாழைமரக் காசு. அந்தப் பெயரிலேயே அதன் மதிப்பு தெரிந்துவிட்டது.

என் பாட்டி செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்போது அவருக்கு ஐந்து வயது. அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நாளைக்கு ஒரு டாலர் கூலி என்று சொன்னார்களாம். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நம் தோட்டங்களில் இருந்து போன ஆயிரக்கணக்கானோரைப் போல அவரும் திரும்பி வரவில்லை.

போகும் முன் அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போன முன்பணம் வாழைமர நோட்டுகள். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அவை வெறும் காகிதம் என்று ஆங்கிலேயர்கள் அறிவித்துவிட்டார்கள். ஊரே எரித்தது. பிள்ளைகள் கடை விளையாட்டு விளையாடினார்கள்.

"எங்க ஆத்தா மட்டும் எரிக்க விடல," என்றார் பாட்டி. "செல்லாதுன்னு தெரியும். ஆனாலும் அப்பா கையால குடுத்ததாச்சே."

அந்த நோட்டுகளில் மூன்று இன்னமும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. லோரோங் கூலிட்டில் நான் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய நோட்டும் அதே அச்சுதான்.

ராணியின் தலை இழந்த பதினைந்து காசு

பாட்டியின் டின் அதோடு நிற்கவில்லை. 1957-இல் சுதந்திரம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் எலிசபெத் ராணியின் தலை பொறித்த சில்லறைகள் நம் சந்தைகளில் புழங்கின. 1967 ஜூன் 12-ஆம் நாள்தான் பேங்க் நெகாரா நம் சொந்தப் பணத்தை வெளியிட்டது. நோட்டில் நாட்டின் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான்; சில்லறையில் நாடாளுமன்றக் கட்டடமும் பிறையும் நட்சத்திரமும். ராணிக்குப் பதிலாக நாம் தேர்ந்தெடுத்த மன்றம். இதுவும் ஓர் அரசியல் செய்திதான். நாம் பெருமைப்படக் கூடிய செய்தி. பழைய காசும் புதிய காசும் ஒன்றுக்கு ஒன்று சமமாகச் செல்லும் என்றார்கள்.

ஐந்து மாதங்கள் கழித்து, நவம்பர் 18-இல் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. பழைய காசு பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது, புதியது அப்படியில்லை. எனவே பழைய ஒரு டாலர் 85 காசுதான் பெறும் என்று அறிவித்தார்கள். வங்கியில் பணம் வைத்திருந்தவர்களைவிட, பழைய சில்லறையை உண்டியலிலும் டப்பாவிலும் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குத்தான் இந்த அடி நேராக விழுந்தது.

அப்போது பாட்டி திருமணமாகி ஜோர்ஜ்டவுனில் இருந்தார். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மைலோ டின்னில் பாட்டி சேர்த்து வைத்தது நாற்பது டாலர் சில்லறை. ஒரே நாளில் ஆறு டாலர் போய்விட்டது.

நவம்பர் 24-இல் தொழிற்கட்சி அழைப்பு விடுத்து பினாங்கில் ஹர்த்தால் நடந்தது. கடைகள் அடைக்கப்பட்டன. காசுக்காகத் தொடங்கிய எதிர்ப்பு இனக் கலவரமாகத் திரும்பியது. உயிர்கள் போயின, ஊரடங்கு போட்டார்கள். பள்ளியில் வரலாறு படித்தபோது 1969-ஐப் பற்றிப் படித்தேன். நான் தினமும் பேருந்து ஏறும் இந்தத் தெருக்களில், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, காசின் மதிப்பை வைத்து இரத்தம் சிந்தியதைப் பாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"அதுக்கு அப்புறம் கையில கொஞ்சம் காசு சேர்ந்தா பவுனாத்தான் வாங்கிடுவேன்," என்றார் பாட்டி.

பவுன்! லிட்டில் இந்தியா நகைக்கடைகளில் இன்றும் நாம் சொல்லும் அந்தச் சொல், ஆங்கிலேயப் பொற்காசான பவுண்டில் இருந்து வந்தது. விக்டோரியா ராணியின் முகம் போட்ட பொற்காசுகளை நம் பாட்டிமார் காசுமாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். ரோமானியக் காசுகளையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு துளையிட்டு அணிந்திருக்கிறார்கள். ராணியானாலும் பேரரசனானாலும் நம்மிடம் வந்தால் தங்கம்தான். எடை எவ்வளவு என்பதே கேள்வி.

இன்றைய காசு என்ன சொல்கிறது?

காசு அரசியல் முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். மொரிசியஸ் நாட்டின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் வெளியான நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி வைத்ததும் அங்கிருந்த தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையில் மீண்டும் அச்சிட்டது. ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஒரு நாட்டில் தங்கள் இடம் எது என்பதை அந்த வரி சொல்வதாக அவர்கள் உணர்ந்தார்கள். பக்கத்துச் சிங்கப்பூர்க் காசில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் இருப்பதைப் பார்க்கும்போது நமக்கு ஒரு மகிழ்ச்சி வருகிறதே, அதுவும் இதே உணர்வுதான்.

நம் நாட்டு நோட்டில் மாமன்னர் மாறினாலும் முகம் மாறுவதில்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாமன்னர் சுழற்சி முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறார். முதல் மாமன்னரின் முகம் மட்டும் நிலையாக இருக்கிறது. ரோமாபுரியில் ஆள் மாறியதும் முகம் மாறியது. நம்முடையது ஆளைச் சொல்லவில்லை, தொடர்ச்சியைச் சொல்கிறது. 1989-இல் வந்த சில்லறைகளில் பம்பரம், சொங்காக், வெற்றிலைத் தட்டு, வாவ் பட்டம் என்று விளையாட்டும் வீட்டுப் பொருள்களும் வந்தன. அவற்றில் எது நம் வீட்டிலும் இருந்தது, எது இல்லை என்று யோசித்துப் பார்ப்பதும் வரலாற்றுப் பாடம்தான்.

நண்பர்களே, அடுத்த முறை ஒரு பழைய காசு கைக்கு வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதை வெளியிட்டவர் யார்? அவர் எதை நம்பச் சொல்கிறார்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? இதைக் கையில் வாங்கியவர் என்ன செய்தார்? முதல் மூன்று கேள்விகளுக்குக் காசே பதில் சொல்லும். நான்காவது கேள்விக்கு வெட்டும் துளையும் குத்தும் கொஞ்சம் பதில் சொல்லும். மீதியை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் ஒரு வேண்டுகோள். இப்போது நாம் கியூஆர் குறியீட்டைக் காட்டி நாசி கண்டார் சாப்பிடுகிறோம். கைப்பேசிப் பணத்தில் முகமும் இல்லை, விளிம்பும் இல்லை. எரிக்காமல் எடுத்து வைக்க ஒன்றும் இல்லை. ஜப்பான் காலத்தை நேரில் பார்த்தவர்கள் வீட்டுக்கு ஒருவர்கூட இல்லாமல் குறைந்து வருகிறார்கள். உங்கள் வீட்டிலும் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கலாம். வீடு மாறும்போது அதைக் குப்பையில் போடும் முன் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு பாட்டியிடமோ தாத்தாவிடமோ போய், "இது யார் கொடுத்தது?" என்று கேளுங்கள்.

நான் வாங்கி வந்த வாழைமர நோட்டைப் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு குடுத்த?"

"அஞ்சு வெள்ளி, பாட்டி."

"அஞ்சு வெள்ளியா?" என்று சிரித்தார். பிறகு பிஸ்கட் டின்னை எடுத்துவரச் சொல்லி, அந்த மூன்று நோட்டுகளோடு இதையும் மடிக்காமல் உள்ளே வைத்தார்.